அம்புக்குறி இல்லாத மயில்

எனக்குக் கோலம் போடத் தெரியாது.

இந்த நான்கு சொற்களையும் முதல் கூட்டத்திலேயே சொல்லியிருந்தால் இன்றைக்கும் நான் எங்கள் அடுக்குமாடியில் தலை நிமிர்ந்து படியேறிக்கொண்டிருப்பேன். சொல்லத்தான் செய்தேன். ஏழு வாரம் கழித்து.

முதலில் என்னைப் பற்றி. பெயர் பிலோமினா. பினாங்கின் பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலையில் தரக் கட்டுப்பாட்டுப் பொறியாளர். நிதானமான பெண் என்று பெயர் வாங்கியிருக்கிறேன். (நிதானம் என்பது வேறொன்றுமில்லை. உள்ளே நடக்கும் கலவரம் முகத்துக்கு வந்து சேர எனக்குக் கொஞ்சம் நேரமாகும், அவ்வளவுதான்.) எதற்கும் பட்டியல் போடுவேன். சந்தைக்குப் போக ஒரு பட்டியல், அதை மறந்துவிடாமல் எடுத்துப்போக வேண்டும் என்பதற்கு இன்னொரு பட்டியல்.

என் வேலை, வெளியிலிருந்து வரும் சிப்புகளைச் சோதிப்பது. கறுப்பாக, சதுரமாக, விரல் நகத்தைவிடச் சின்னதாக இருக்கும். நாலு பக்கமும் பார்க்க ஒரே மாதிரி. அதனால் ஒரு மூலையில் பொடியாக ஓர் அடையாளம் வைத்திருப்பார்கள், எந்தப் பக்கம் ஆரம்பம் என்று தெரிவதற்காக. அடையாளம் இல்லாமல் சரக்கு வந்தால் மொத்தப் பெட்டியையும் திருப்பி அனுப்பி, 'உங்களிடம் அடிப்படை அறிவை எதிர்பார்க்கலாமா?' என்று பொருள் வரும்படி, ஆனால் மிக நாகரிகமாக, ஒரு மின்னஞ்சல் எழுதுவது என் பொறுப்பு. அந்த வகையில் நான் கொஞ்சம் பிரபலம். (இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நான் வைத்துக்கொள்ளவில்லை.)

எங்கள் வீடு ஜார்ஜ் டவுனில், ஓர் அடுக்குமாடியின் இரண்டாம் மாடியில். கீழே ஒரு மண்டபம் உண்டு. கல்யாணம், கூட்டம், இழவு விருந்து, பூப்பந்து எல்லாம் அங்கேதான். அந்த மண்டபத்தில் குழந்தைகளுக்கும் குடும்பங்களுக்கும் ஒரு கலை நாள் நடத்தப்போவதாகச் சொல்லிக்கொண்டு சூ லின் வந்து சேர்ந்தாள். நாடகம் படித்தவள். எல்லா இனத்தவரும் சேர்ந்து ஏதாவது செய்துவிட்டால் உலகம் சரியாகிவிடும் என்று நிஜமாகவே நம்புகிறவள். எல்லா இனத்தவரும் சேர்ந்து ஒரு மின்தூக்கியைப் பழுது பார்க்கவே எங்களுக்குப் பதினான்கு மாதம் ஆனது என்பதை யாரும் அவளிடம் சொல்லவில்லை.

முதல் கூட்டத்தில் சூ லின் வேலைகளைப் பிரித்துக் கொடுத்தாள். பிரித்த விதம் மிக நுட்பமானது. குடியிருப்புக் குழுத் தலைவர் என்சிக் ஹம்டானைப் பார்த்தாள். "வாவ் பட்டம்!" என்றாள். சீனப் பெரியவர் ஒருவரைப் பார்த்தாள். "விளக்குக் கூண்டு!" பிறகு என் பக்கம் திரும்பினாள். என் படிப்பைக் கேட்கவில்லை, வேலையைக் கேட்கவில்லை. முகத்தை ஒரு முறை பார்த்தாள், அது போதுமானதாக இருந்தது.

"கோலம்!" என்றாள், கண் மின்ன.

என்சிக் ஹம்டான் நேர்மையான மனிதர். உடனே கையை உயர்த்தி மலாயில் சொல்லிவிட்டார்: "தங்கச்சி, நான் பினாங்குக்காரன். வாவ் கிளந்தான்காரங்க சமாச்சாரம். அதுல எது தலை எது வால்னுகூட எனக்குத் தெரியாது. எனக்கு வாகனம் நிறுத்தற வேலையக் குடுங்க." கொடுத்துவிட்டார்கள். மனிதர் நிம்மதியாகக் காப்பி குடித்தார்.

வழி காட்டிவிட்டார். நான் பின்னால் போயிருக்கலாம். எங்களுடையது கத்தோலிக்கக் குடும்பம். கோலம் போடும் கத்தோலிக்க வீடுகள் எத்தனையோ உண்டு, எங்கள் வீடு அதில் சேர்த்தியில்லை. எங்கள் வாசலில் இருப்பது ஒரு ரப்பர் கால்மிதி. கிறிஸ்துமஸ் குடிலில் ஆட்டுக்குட்டியின் உடைந்த காலைப் பசை போட்டு ஒட்டியதுதான் என் கலை வாழ்வின் உச்சம். (அந்த ஆடும் இன்றுவரை நொண்டுகிறது.) ஆனால் அறையில் பன்னிரண்டு பேர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். இந்தியப் பெண்ணுக்குக் கோலம் தெரியாது என்று சொன்னால் ஒரு நாகரிகமே என்னால் தலைகுனிந்துவிடும் என்று தோன்றியது.

"கேன்," என்றேன்.

'முடியும்' என்று அர்த்தம். மலேசியாவில் பெரும்பாலான விபத்துகள் இந்த ஒரு சொல்லில்தான் தொடங்குகின்றன.

வீட்டில் விஷயத்தைச் சொன்னதும் அம்மா வெங்காயம் அரிவதை நிறுத்தினார்.

"யாரு, நீயா? ஏன்டி, பள்ளிக்கூடத்துல வட்டம் போடச் சொன்னா முட்ட போட்டவதானே நீ?"

"கத்துக்குவேன்மா. ஏழு வாரம் இருக்கு."

"நாலாவது மாடியில மகேஸ்வரி இருக்கே, தீபாவளிக்குத் தீபாவளி ஷோப்பிங் மோல்ல அரிசிக் கோலம் போடுதே, அதக் கேக்க வேண்டியதுதானே? ரெண்டு மாடி ஏறுனா கால் கொறஞ்சா போயிடும்?"

கேட்டிருக்கலாம். ஆனால் கேட்டால் தெரியாது என்று ஒப்புக்கொண்டதாகும். அதற்குப் பதிலாக பால்கனியில் கோலமாவோடு பயிற்சி எடுத்தேன். மூன்று நாள் கழித்து எதிர்வீட்டுக்காரர், எறும்பு மருந்தை இவ்வளவு தூவ வேண்டியதில்லை என்று அக்கறையாகச் சொல்லிவிட்டுப் போனார்.

அப்போதே சூ லினிடம் போய் உண்மையைச் சொல்லியிருப்பேன். சத்தியமாக. கைப்பேசியைக் கையில் எடுத்தும்விட்டேன். நடுவில் வந்தது ஜெஸ்ஸி.

ஜெஸ்ஸி என் அண்ணன் மகள். ஒன்பது வயது. அண்ணனுக்கு வேலை மாற்றலாகி, ஆண்டின் நடுவில் நிபோங் திபாலிலிருந்து எங்களோடு வந்து தங்கியிருந்தார்கள். புதுப் பள்ளி. இரண்டு மாதமாக ஓய்வு நேரத்தில் தனியாக உட்கார்ந்துதான் சாப்பிடுகிறாள் என்று அண்ணி ஒரு நாள் என்னிடம் மெதுவாகச் சொன்னார். ஜெஸ்ஸி சொல்லவில்லை. அவள் எதையும் சொல்கிற பிள்ளையில்லை. கேட்டால் 'ஓகே லா' என்பாள், அத்தோடு முடிந்தது.

அன்றைக்கு இரவுச் சாப்பாட்டில் அவளாகவே வாயைத் திறந்தாள்.

"அத்தே, என் கிளாஸ்ல மூணு பேரு வாராங்க. மெய் யீ, ஆயிஷா, கீர்த்தனா. நீங்க பெரிய மயில் கோலம் போடப் போறீங்கன்னு சொல்லிட்டேன்."

"மயிலா?" என்றேன். மயில் பற்றி நான் எங்கேயும் எதுவும் சொன்னதாக நினைவில்லை.

"ஆமா. மயில் கண்ணு நான்தான் செய்வேன்னும் சொல்லிட்டேன். இன்னிக்கி ரீஹாட்டுக்கு மூணு பேரும் என்கூடத்தான் ஒக்காந்தாங்க."

ரீஹாட் என்றால் பள்ளி ஓய்வு நேரம். அண்ணி தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். அண்ணன் இருமினார். நான் கைப்பேசியைக் கவிழ்த்து வைத்தேன். ஒரு பிள்ளையின் மூன்று தோழிகள் இப்போது ஒரு மயிலின் கண்ணில் நின்றுகொண்டிருந்தார்கள்.

"மயில்தான்," என்றேன் நிதானமாக.

கைக்கு வராததை முறைக்குள் கொண்டுவருவதுதானே எங்கள் தொழில்? கணினியில் ஒரு மயிலை வரைந்தேன். (கணினியில் வட்டம் வட்டமாகவே வரும். அதனால்தான் எனக்குக் கணினியைப் பிடிக்கும்.) அதைப் பதினாறு சதுரங்களாக வெட்டினேன். இரண்டடிக்கு இரண்டடி ஒட்டுப்பலகை பதினாறு. ஒவ்வொன்றிலும் மயிலின் ஒரு பகுதிக் கோடுகளை மெலிசாகப் பென்சிலில் இறக்கினேன். ஒரு குடும்பத்துக்கு ஒரு பலகை. கோட்டைப் பார்த்து வண்ண அரிசியைப் பசையில் ஒட்ட வேண்டும். பிறகு பதினாறையும் மண்டபத் தரையில் நாலுக்கு நாலாக அடுக்கினால் எட்டடி மயில். பின்பக்கம் ஒன்று முதல் பதினாறு வரை எண். முழுப் படம் கடைசிவரை இரகசியம். குடும்பங்கள் பார்த்து வியக்க வேண்டாமா?

பட்டியலில் நாற்பத்து மூன்று அம்சங்கள் இருந்தன. மழை வந்தால், மின்சாரம் போனால், குழந்தை அரிசியைத் தின்றால், குழந்தை பசையைத் தின்றால். கழிவறைத் தாளுக்குத் தனியாக ஒரு வரி. அச்சிட்டுக் காட்டியபோது சூ லின் கண் கலங்கினாள். இவ்வளவு ஒழுங்கான கலைஞரைத் தான் பார்த்ததேயில்லை என்றாள். எனக்கும் அப்போது அப்படித்தான் இருந்தது.

அந்தச் சனிக்கிழமை காலை பதினாறு குடும்பங்களும் வந்துவிட்டன. மேசைகள், கிண்ணம் கிண்ணமாக வண்ண அரிசி, பசைப் புட்டிகள். நான் ஒலிபெருக்கியில் மூன்று மொழிகளில் விளக்கம் சொன்னேன். விமானத்தில் சொல்வார்களே, அதைப் போல. யாரும் கேட்கவில்லை, அதுவும் விமானத்தில் போலவே.

மகேஸ்வரி அக்கா தன் இரண்டு பிள்ளைகளோடு வந்திருந்தார். பதினோராம் எண் பலகை அவருக்கு விழுந்தது. அதை முன்னும் பின்னும் பார்த்தார்.

"தங்கச்சி, பசியாறிட்டியா?"

"ஆச்சு அக்கா."

"சரி. இதுல புள்ளி எங்க?"

"இது மாடர்ன் கோலம் அக்கா."

"ஓ," என்றார். ஓர் எழுத்துக்குள் அவ்வளவு அர்த்தத்தை அடைக்க முடியும் என்று எனக்கு அன்றுதான் தெரியும். "கோலத்தத் துண்டு துண்டா வெட்டித் தட்டுல வச்சிருக்கியே, இது கோலமா, கேசரியா?"

பக்கத்து மேசையில் சிரித்தார்கள். நானும் சிரித்து வைத்தேன், பல் மட்டும் தெரியும்படி.

ஜெஸ்ஸிக்கு ஆறாம் எண். கண் இருக்கும் பலகை. கறுப்பு அரிசியை ஒவ்வொன்றாக எடுத்து, குண்டூசி செருகுவது போல வைத்துக்கொண்டிருந்தாள். அரை மணி நேரத்தில் என்னிடம் வந்தாள்.

"அத்தே, இதுல எது மேல?"

"எல்லாம் குறிப்புத் தாள்ல இருக்கு ஜெஸ்ஸி."

போனாள். திரும்பி வந்தாள்.

"தாள்ல இல்ல அத்தே. எந்தப் பக்கம் மேலன்னு போடல."

அப்போது மூன்றாம் மேசையில் ஒரு குழந்தை பசையைத் தின்றுகொண்டிருந்தது. பட்டியலில் பன்னிரண்டாவது அம்சம். என் முன்னறிவு பலித்த பெருமையில் அங்கே ஓடினேன். "நம்பர் இருக்குல்ல, போதும்! போய் வேலையப் பாரு!" என்று திரும்பிப் பார்க்காமலே சொன்னேன்.

இந்த இடத்தில் கொஞ்சம் நிறுத்திக்கொள்கிறேன். அடையாளம் இல்லாத சிப்புப் பெட்டிகளைத் திருப்பி அனுப்பியே பெயர் வாங்கியவள் நான். எனக்கு ஒன்பது வயதுப் பிள்ளையிடமிருந்து புகார் இரண்டு முறை வந்தது. இரண்டு முறையும் நிராகரித்தேன். என் தொழிற்சாலையில் ஒரு விற்பனையாளர் இப்படி நடந்துகொண்டிருந்தால் அவருக்கு நான் எழுதியிருக்கும் மின்னஞ்சலை இன்றும் என்னால் மனப்பாடமாகச் சொல்ல முடியும்.

பதினொன்றரைக்கு மழை பிடித்தது. மண்டபத்துக்குள் ஈரம் ஏறியது. நண்பகலில் காய்ந்திருக்க வேண்டிய பசை இரண்டு மணிக்கும் கஞ்சியாகவே இருந்தது. நான்கு மணிக்குச் சட்டமன்ற உறுப்பினர் வந்து திறந்து வைக்க வேண்டும். (இங்கே அவரை ஒய்பி என்போம். ஒய்பி தாமதமாக வருவார் என்று பட்டியலில் போட்டிருந்தேன். அன்றைக்கு என்னவோ இருபது நிமிடம் முன்னதாகவே வந்தார்.)

மூன்றரைக்குப் பலகைகளைக் கொண்டுவரச் சொன்னேன். தந்தைமார் தூக்கி வந்தார்கள். எண் பார்த்து, இடம் பார்த்து வைத்தார்கள். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. எல்லாம் அதனதன் இடத்தில். என் முறையின் அழகில் நானே சொக்கிப் போனேன். மடிக்கணினியோடு ஒரு நாற்காலி மேல் ஏறி நின்றேன்.

கீழே பார்த்தேன். திரையைப் பார்த்தேன். மறுபடியும் கீழே பார்த்தேன்.

மயிலின் கழுத்து இருக்க வேண்டிய இடத்தில் ஒரு மீன் வாலில் நின்றுகொண்டிருந்தது. தோகை இருக்க வேண்டிய இடத்தில் முள்முள்ளாக ஒரு டுரியான் பழம். அது தலைகீழாக இருந்ததால் தொங்குகிறதா விழுகிறதா என்று சொல்ல முடியவில்லை. பாலத்தின் மேல் கிடையாகப் படுத்த ஒரு பூனை. ஒரு மயில் கால், மிகத் தெளிவாக, வானத்தை உதைத்துக்கொண்டிருந்தது.

இரண்டு தவறுகள் கைகோத்திருந்தன. முழுப் படத்தை மறைத்ததால், கோடுகள் என்னவென்று யாருக்கும் புரியவில்லை. புரியாத கோட்டைப் பார்த்து அவரவருக்குத் தோன்றியதைச் செய்துவிட்டார்கள். என் தோகைக் கண் என்சிக் ஹம்டானின் பேரப்பிள்ளைகளுக்கு பாலிக் புலாவ் தோட்டத்து டுரியானாகத் தெரிந்திருக்கிறது. என் அலகு யாருக்கோ மிளகாய். அதுகூடப் போகட்டும். எந்தப் பக்கம் மேல் என்று ஒரு பலகையிலும் அடையாளம் இல்லை. சதுரப் பலகை நாலு விதமாகவும் அந்த இடத்தில் உட்காரும். தூக்கி வந்தவர்கள் நாலு விதமாகவும் உட்கார வைத்திருந்தார்கள்.

ஒரே ஒரு பலகை மட்டும் சரியாக இருந்தது. ஆறாம் எண். அதன் பின்பக்கம் கறுப்பு மார்க்கரில் தடிமனாக ஓர் அம்புக்குறி, பக்கத்தில் 'மேல'. (பிறகுதான் பார்த்தேன்.) அத்தை போடாததை மருமகள் தானாகவே ஊகித்துப் போட்டிருந்தாள். அதனால் அந்தக் குழப்பத்தின் நடுவில், சரியான இடத்தில், சரியான திசையில், ஒரே ஒரு கண் மட்டும் விழித்திருந்தது. அது என்னையே பார்த்துக்கொண்டிருந்தது.

நான் பதறவில்லை. கணக்குப் போட்டேன். மீதி பதினைந்து பலகைகள், ஒவ்வொன்றும் நாலு விதம், மொத்தம் நூற்றேழு கோடிச் சொச்சம் சாத்தியங்கள். அரை மணி நேரம்கூட இல்லை. கீழே குதித்து ஐந்தாம் எண் பலகையைத் திருப்பினேன். பாதி மீன் தரையில் கொட்டியது.

"அகான் செலார்!" என்று ஒரு பிஞ்சுக் குரல் அலறியது. அகான் யாரென்று பிறகுதான் புரிந்துகொண்டேன். செலார் ஒரு மீன். அதைச் செய்த நாலு வயதுச் சிறுமிக்கு அகான் என்று ஒரு தம்பி, மீன் அவனுக்காம். அவள் அழ, அவனும் அழ, அவர்கள் அம்மா என்னைப் பார்த்த பார்வையை நான் இங்கே விவரிக்கப்போவதில்லை.

இரண்டாவது பலகைக்குக் கை நீட்டினேன்.

"அத்தே, விடுங்க," என்றாள் ஜெஸ்ஸி. எப்போது வந்து நின்றாள் என்று தெரியவில்லை. "கொட்டுது."

"திருப்பினாத்தான் ஜெஸ்ஸி மயில் வரும்."

"வராது அத்தே," என்றாள். கோபமில்லை. மருத்துவர் சொல்வது போலச் சொன்னாள்.

அப்போதுதான் வாசலில் அவர்கள் வந்து நின்றார்கள். மூன்று சிறுமிகள், பின்னால் மூன்று குடும்பங்கள், ஒன்றில் கைக்குழந்தையோடு பாட்டனார்கூட. மெய் யீ என்று பிறகு தெரிந்துகொண்ட பெண், ஈரக் குடையை மடக்கிக்கொண்டே தரையைப் பார்த்தாள். தலையை இடப்பக்கம் சாய்த்துப் பார்த்தாள். வலப்பக்கம் சாய்த்துப் பார்த்தாள்.

"மானா மெராக்?" என்றாள். மயில் எங்கே?

ஜெஸ்ஸியின் முகத்தைப் பார்த்தேன். இரண்டு மாதம் தனியாகச் சாப்பிட்ட பிள்ளை, நாளை மறுநாள் மறுபடியும் தனியாக உட்காரப்போகிறது. காரணம் நான். இப்போதாவது உண்மையைச் சொல்லிவிட வேண்டும், தப்பு என் மேல் என்று சொல்லிவிட வேண்டும் என்று வாயைத் திறந்தேன். 'தொழில்நுட்பக் காரணங்களால்' என்று ஆரம்பித்தது வாய். பழக்க தோஷம்.

ஜெஸ்ஸி என்னை முடிக்க விடவில்லை.

"ச்சாரி லா," என்றாள் மெய் யீயிடம். தேடிப் பாரேன். பிறகு அதே மலாயில், ஏதோ முன்பே எழுதி வைத்ததைப் படிப்பது போலச் சொன்னாள்: "மயில் ஒளிஞ்சிருக்கு. கண்ணு மட்டுந்தான் தெரியும். அது நான் செஞ்சது. மத்ததெல்லாம் எங்க இருக்குன்னு நீங்கதான் கண்டுபிடிக்கணும்."

மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள்.

"கால்!" என்று கீர்த்தனா கத்தினாள். "அங்க, மேல!"

அவ்வளவுதான். மூன்று பேரும் பலகைகளைச் சுற்றி ஓடினார்கள். அவர்கள் ஓடுவதைப் பார்த்து மண்டபத்திலிருந்த அத்தனை பிள்ளைகளும் ஓடினார்கள். இந்தப் பக்கம் நின்றால் மீன் நீந்தியது. அந்தப் பக்கம் போனால் டுரியான் நிமிர்ந்தது. மூன்றாவது பக்கத்திலிருந்து பூனை எழுந்து பாலத்தில் நடந்தது. "எங்களது இங்கேருந்துதான் நேரா தெரியுது" என்று ஒவ்வொரு குடும்பமும் தங்களுக்கான பக்கத்தைப் பிடித்து நின்று அக்கம்பக்கத்தாரைக் கூப்பிட்டுக் காட்டியது. மயிலைப் பாதிப் பேர் மறந்தே போனார்கள்.

மகேஸ்வரி அக்கா என் பக்கத்தில் வந்து நின்றார். அவருடைய பதினோராம் எண்ணை அப்போதுதான் சரியாகப் பார்த்தேன். என் கோடுகளைக் கண்டுகொள்ளவேயில்லை. எட்டு இதழ் தாமரை. எந்தப் பக்கத்திலிருந்து பார்த்தாலும் நேராகவே இருந்தது.

"எப்படிக்கா?" என்றேன்.

"என்னா எப்படி? கோலத்துக்கு ஏது தங்கச்சி மேல, கீழ? வீட்ட விட்டுப் போறவனும் பாப்பான், வீட்டுக்கு வர்றவனும் பாப்பான். ரெண்டு பேருக்கும் நேராத் தெரிய வேணாமா?" என் தோளைத் தட்டினார். "நீ போட்டது கோலமில்ல. படம். படத்தப் போட்டு தரையில கெடத்திட்ட."

ஏழு வாரம், நாற்பத்து மூன்று அம்சம், ஒரு கணினி. இரண்டு மாடி ஏறியிருந்தால் இந்த ஒரு வாக்கியம் கிடைத்திருக்கும்.

அந்த நேரத்தில்தான் ஒய்பி நுழைந்தார். ஓடும் பிள்ளைகளைப் பார்த்தார், தரையைப் பார்த்தார், சூ லினிடம் ஏதோ கேட்டார். அவள் ஏதோ சொன்னாள். பிறகு ஒய்பி ஒலிபெருக்கியைப் பிடித்து, நாம் அனைவரும் வெவ்வேறு திசையில் நிற்கிறோம் என்றும், எந்தத் திசையும் மேல் இல்லை, எதுவும் கீழ் இல்லை என்றும், இதைச் சிந்தித்து வடிவமைத்த இளம் கலைஞரின் தொலைநோக்கை மெச்சுவதாகவும் பேசினார். கைதட்டல் அடங்க வெகு நேரமானது. எனக்குப் பூச்செண்டு கொடுத்தார்கள். நான் நிதானமாக வாங்கிக்கொண்டேன். மண்டபத்தின் மறு கோடியில் நின்ற அம்மா மட்டும் கைதட்டவில்லை. கைக்குட்டையை வாயில் அடைத்துக்கொண்டு குலுங்கிக்கொண்டிருந்தார்.

எல்லாம் முடிந்து படியேறும்போது ஜெஸ்ஸி முதல் மாடியில் நின்றாள்.

"அத்தே, நான் பொய் சொல்லிட்டேன். மயிலு ஒளிஞ்சிருக்குன்னு."

"தெரியும் ஜெஸ்ஸி. தேங்க்ஸ்."

"பாவசங்கீர்த்தனத்துல சொல்லணுமா?"

"சின்னப் பொய்தானே. சொல்லிடு, சரியாப் போயிடும்."

கொஞ்சம் யோசித்தாள். "யாருக்காகச் சொன்னேன்னு ஃபாதர் கேட்டா ஒங்க பேரச் சொல்லுவேன்." இரண்டு படி ஏறினாள். திரும்பினாள். "நீங்களும் வாங்க. என்னோடது அஞ்சு நிமிஷம். ஒங்களோடது ஏழு வாரம்."

மறுநாள் பூசை முடிந்து சூ லினை அழைத்தேன். ஜெஸ்ஸி பக்கத்திலேயே நின்று கண்காணித்தாள். எனக்குக் கோலம் போடத் தெரியாது என்றேன். அந்தப் பக்கம் சூ லின் பெருமூச்சு விட்டாள். தனக்கும் சீனக் காகிதக் கத்தரிப்பு தெரியாது, பள்ளி நாளிலிருந்தே எல்லோரும் கேட்கிறார்கள், எல்லோரிடமும் தெரியும் என்றே சொல்லி வருவதாகச் சொன்னாள்.

இந்த ஆண்டு கோலம் மகேஸ்வரி அக்காவின் பொறுப்பு. நான் வாகன நிறுத்தத்தில் இருக்கிறேன். முதல் நாள் என்சிக் ஹம்டான் எனக்கு ஓர் ஆரஞ்சு மேல்சட்டையைக் கொடுத்து, "போன வருஷமே உண்மையச் சொல்லியிருந்தா அப்பவே இது கெடைச்சிருக்கும்," என்றார். காடிகளை நிறுத்துவது எனக்கு நன்றாகவே வருகிறது. தரையில் பெரிது பெரிதாக அம்புக்குறி போட்டிருக்கிறேன்.

மெய் யீ, ஆயிஷா, கீர்த்தனா மூவரும் இப்போது சனிக்கிழமைதோறும் எங்கள் வீட்டில்தான். நான்கு பேருமாக எங்கிருந்தோ அம்புக்குறி ஒட்டுத்தாள் ஒரு சுருள் வாங்கி வைத்திருக்கிறார்கள். என் சாப்பாட்டுப் பெட்டியில் ஒன்று, காலணி இரண்டிலும் ஒவ்வொன்று, என் பிறந்தநாள் கேக்கில் ஒன்று. கிறிஸ்துமஸ் குடிலில் அந்த நொண்டி ஆட்டின் மேலும் ஒன்று ஒட்டியிருந்தது. கிறிஸ்துமஸ் அன்று எடுத்த குடும்பப் படத்தில் எல்லோரும் இவ்வளவு சிரித்துக்கொண்டிருக்கிறோமே என்று எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. படத்தைப் பெரிதாக்கிச் சட்டம் போட்டு வந்த பிறகே கவனித்தேன். என் நெற்றிக்கு நேர் மேலே, தலைமுடியில், சிவப்பாக ஓர் அம்புக்குறி. மேல் நோக்கி.

படம் கூடத்தில் மாட்டப்பட்டிருக்கிறது. போன வாரம் கீர்த்தனாவின் அம்மா வந்திருந்தார். படத்தின் முன்னால் நின்று தலையை ஒரு பக்கம் சாய்த்து, "கொஞ்சம் சாஞ்சிருக்கோ?" என்றார்.

அம்மா அடுப்படியிலிருந்தே குரல் கொடுத்தார்: "இல்ல லா, நேராத்தான் இருக்கு. நான் மாட்டுனது. அவ மாட்டல."